இரண்டு முனைக்கும் ஒரு வெறுங்கம்பி

மார்ச் 4

அக்கா,

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும் அல்லவா, அந்த வரி இதுவாக இருக்கட்டும்: அத்தான் கொக்கி போடாமல் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

விசாரணை அறையில் நான் இஸ்திரியின் காலரைப் பிடித்தது தப்புதான். துறைத்தலைவருக்கு அந்தப் பெயரை வைத்ததே அத்தான். "சட்டையில ஒரு மடிப்பும் கலையாது, கையில ஒரு கறையும் படாது" என்பார். அந்த மடிப்பைக் கலைத்துவிட்டேன். அதற்கு அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் என் ஹெல்ப்பர் வேலை போனது சரி. உன்னையும் சிட்டுவையும் நிறுவனக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னது எந்த நியாயம்? ஆனால் நீ அவர்களைத் திட்டவில்லை. என்னைத்தான் "இனிமே என் வாசல்ல கால் வைக்காதே" என்றாய். வைக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை நான் உனக்கு நேராகச் சொன்னதே இல்லை. நீ சொல்லவிடவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் மின்பொறி விட்டுக் கல்லை உடைக்கும் சோதனை அது. கெப்பாசிட்டர் பெட்டிக்குள் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். குடம் நிரம்பியதும் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்ப்பதுபோல் அவ்வளவையும் ஒரே நொடியில் தொட்டிக்குள் விடுவார்கள். கல் பிளக்கும். சோதனை முடிந்ததும் அத்தான் சுவிட்சை அணைத்தார். நீளக் கழியின் நுனியில் இருக்கும் செம்புக் கொக்கியை எடுத்துப் பெட்டியின் இரண்டு முனையிலும் வைத்தார். டமார் என்று ஒரு சத்தம். மிச்சம் மீதி இருந்ததும் தீர்ந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் காதால் கேட்டேன்.

அப்போது இஸ்திரி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "பெரிய இடத்து ஆளுங்க வந்திருக்காங்கப்பா. எல்லாருக்கும் டீ சொல்லிக் கையோட கொண்டு வந்துடு." அத்தான் டெக்னீசியன். டீ வாங்குவது அவர் வேலையில்லை. போனார். திரும்பி வந்தார். ஒயரைக் கழற்ற இரண்டு கையையும் வைத்தார்.

இதைத்தான் விசாரணையில் சொன்னேன். "இறந்தவருக்கு நீ என்னப்பா வேணும்?" "மச்சினன் சார்." பேனாவை மூடிவிட்டார்கள்.

தீர்ந்துபோன பெட்டி எப்படி அடிக்கும்? எனக்குத் தெரியவில்லை, அக்கா. மோட்டார் காயில் சுற்றுகிற எனக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. ஆனால் தெரியாமல் தூக்கம் வரவில்லை. அதனால் அதே இயந்திரத்தைச் சின்ன அளவில் பின்னறையில் கட்டுகிறேன். உன் படிப்பு மேஜை கிடந்ததே, அந்த இடத்தில். பழைய மைக்ரோவேவ் அடுப்புகளின் இரும்புத் தகடுகளை எடுத்து டிரான்ஸ்ஃபார்மரை நானே சுற்றிவிட்டேன். கெப்பாசிட்டரை மட்டும் செய்ய முடியாது. நிறுவனம் கழித்துப் போட்ட சாமான்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தன. அதில் ஒன்று கிடைத்தது. அத்தானைக் கொன்ற பெட்டியோடு பிறந்தது என்றே சொல்லலாம். அதே தகரம், அதே எண்ணெய், தலையில் அதே இரண்டு பீங்கான் முனைகள், அளவில் மட்டும் சின்னது.

பதில் போடாவிட்டாலும் எழுதுவேன்.

தம்பி

—

மார்ச் 13

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. கிழித்தால் சிட்டு ஒட்டவைத்துப் படிப்பாள். அவளுக்குப் பதின்மூன்று வயது, வீட்டில் ஒரு காகிதம் விடுவதில்லை. அதனால் பீரோவில் பூட்டினேன்.

அந்தப் பெட்டியை உடை. இன்றைக்கே உடை. எனக்குப் போனது ஒன்று போதும். உனக்குத் துக்கம் என்றால் எல்லோரையும் போல் அழு. அழத் தெரியாமல் ஆணியும் கம்பியும் தேடுகிறாய். நீ ஒருவனாக வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை. அப்பா இருக்கிறார். அவரோடு நீ பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். நானும்தான் பேசுவதில்லை. என் காரணம் வேறு.

உனக்கும் தெரியும். உன் அத்தானை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கையில் அப்பா சொன்னார்: "டெஸ்டர் வச்சுப் பார்க்காம எவன்மா தொடுவான்? நாப்பது வருஷம் நானும் ஒயரிங் பண்ணேன். செத்தேனா?" ஊருக்கே கரண்ட் கொடுத்தவர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, புருஷன் இறந்தவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. கவனம் கெட்டவன் பெண்டாட்டியைப் பார்க்கிற பார்வை. நிறுவனம் எழுதியதை விட அதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

இன்னொன்று. எனக்கு உதவியாளர் வேலை தருகிறார்களாம், குடியிருப்பிலும் இருக்கலாமாம். விசாரணை அறிக்கையை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் என்கிறார்கள். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியை உடை.

அக்கா

—

ஏப்ரல் 2

அக்கா,

உடைக்கவில்லை. கையெழுத்துப் போடாதே. முதலில் இதைப் படி.

இயந்திரம் ஓடுகிறது. இரண்டு பித்தளைக் கதவுக் குமிழ்களை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறேன். பெட்டி நிரம்பியதும் நடுவிலிருக்கும் இடைவெளியை மின்சாரமே தாண்டிக்கொள்கிறது. தண்ணீர்த் தொட்டியில் ஓர் ஓட்டுத் துண்டைப் போட்டேன். முதல் அடியிலேயே இரண்டாகப் பிளந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, வீட்டுக்குள்ள கல் குவாரி வச்சிருக்கியா?" என்றாள். "ஆமாக்கா, லைசென்ஸ் மட்டும் வரல" என்றேன். பயப்படாதே. தொடும்போதெல்லாம் இடது கை சட்டைப்பைக்குள்தான். ஒரு கையில் புகுந்து மறு கையில் இறங்கினால்தான் நெஞ்சு வழியாகப் போகும். அத்தான் சொல்லிக்கொடுத்தது.

விஷயம் இதுதான். சுவிட்சை அணைத்தேன். கொக்கி போட்டேன். டமார். மீட்டரை மாட்டினேன், பூஜ்யம். அங்கேயே தரையில் உட்கார்ந்து சோற்றைத் தின்றேன். தின்றுகொண்டே பார்க்கிறேன், எண் ஏறுகிறது. அக்கா, ஒயர் எதுவும் மாட்டவில்லை. பிளக்கைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டிருந்தேன். யாரும் அதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை. தானாக ஏறுகிறது. நான் கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது ஆளைச் சாய்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. அத்தான் டீக்கடைக்குப் போய்விட்டு வந்த நேரம் அது.

மறுநாள் நூலகத்தில் தேடினேன். ஒரு தடித்த புத்தகத்தில் அரைப் பக்கம். ஈரத்துணியை ஒரு தடவை பிழிந்துவிட்டுக் கொடியில் போட்டால், கொஞ்ச நேரத்தில் நுனியில் தண்ணீர் சேர்ந்து சொட்டுகிறது அல்லவா? அதேதான். பெட்டிக்குள் இருக்கும் காகிதமும் எண்ணெயும் மின்சாரத்தைக் குடித்து வைத்திருக்கின்றன. கொக்கி பிழிந்தெடுப்பது மேலாக இருப்பதை மட்டும். உள்ளே ஊறியது மெதுவாகத் திரும்பி வருகிறது. அதற்கு வைத்தியமும் அதே அரைப் பக்கத்தில் இருக்கிறது. கொக்கி போட்ட கையோடு இரண்டு முனையையும் ஒரு வெறும் செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்டு, வேலை முடியும்வரை அவிழ்க்காதே. ஊறிவருவது வர வர அதன் வழியாகவே தீர்ந்துவிடும்.

ஒரு முழம் கம்பி, அக்கா. என் கடைக் குப்பையில் கிலோக் கணக்கில் கிடக்கிறது. பட்டம் வாங்கியவர்கள் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதைக் கட்டச் சொல்ல ஒருவனும் இல்லை. டீ வாங்கிவரச் சொல்ல மட்டும் ஆள் இருந்தது.

இப்போது என் பெட்டியில் கம்பி கட்டாமல் நான் அறையை விட்டு வெளியே போவதில்லை. நீ அறிக்கையை ஒப்புக்கொண்டால் அத்தானை இன்னொரு தடவை கொன்ற மாதிரி. கடுமையாகத்தான் சொல்கிறேன்.

தம்பி

—

ஏப்ரல் 11

தம்பிக்கு,

கடுமையாகச் சொல்ல உனக்கு என்ன, மாதம் பிறந்தால் வீட்டை விட்டுப் போ என்று உன்னை யாரும் சொல்லவில்லை.

ஆனாலும் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இஸ்திரியிடம் போனேன். காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தேன். படித்தார். முழுக்கப் படித்தார் என்றுதான் நினைக்கிறேன், இரண்டு தடவை தலையாட்டினார். பிறகு சொன்னது இது: "உங்க தம்பி சொல்றது சரிதாம்மா. இது துறையில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அப்ப உங்க வீட்டுக்காரரும் தெரிஞ்சு வச்சிருக்கணும்ல?"

புரிகிறதா? நீ ராப்பகலாகக் கட்டிக் கண்டுபிடித்த உண்மையை அவர் ஒரே வாயில் எடுத்து உன் அத்தான் தலையிலேயே வைத்துவிட்டார். கொக்கி போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, போட்டாராமே என்றேன். "அறிக்கை மேல போயாச்சும்மா. இனிமே மாத்தணும்னா அதுக்கு ஒரு கமிட்டி. அதுவரைக்கும் உங்களுக்கு வீடு?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உன்னை மாதிரி கத்தியிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

நான் உன்னை நம்புகிறேன். இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. கூடவே ஒரு கேள்வி. அந்த எண் ஏறியதை அப்பாவிடம் சொன்னாயா? ஈரத்துணி, அரைப் பக்கம், வெறுங்கம்பி என்று எனக்கு மூன்று தாள் எழுதியிருக்கிறாய். பக்கத்து அறையில் இருக்கும் மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்லேன். நிறுவனம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை, அது எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா ஒருத்தர் தன் வாயால் "மாப்பிள்ளை மேல தப்பில்லை" என்று சொன்னால் எனக்குப் போதும். நான் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு வந்து உங்களோடு நாலு நாள் இருப்பேன்.

கையெழுத்துக்கு மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா

—

ஏப்ரல் 29

அக்கா,

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை. முதலில் இதை எழுதிவிட்டேன், மீதியை இனி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உன் கடிதம் வந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றேன். மறுநாளும் அப்படித்தான். நாலு சுவருக்குள் இரண்டு ஆள் இருந்துகொண்டு, குழம்பு வேணுமா என்று கேட்கக்கூட வாய் திறப்பதில்லை.

அன்றைக்குக் காலையில் நீண்ட நேரம் பெட்டியை நிறைத்தே வைத்திருந்தேன், எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்க. கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான், பம்ப்செட் மோட்டார் ஒன்று அவசரமாம். அணைத்தேன். கொக்கி போட்டேன். கம்பி கட்டினேன். சத்தியமாகக் கட்டினேன். போய்விட்டேன்.

நான் போன கையோடு அப்பா ஏணி எடுக்கப் பின்னறைக்குப் போயிருக்கிறார். பார்த்திருக்கிறார், இரண்டு முனையையும் சேர்த்து ஒரு வெறுங்கம்பி. ஒயரிங் செய்த மனுஷனுக்கு அது என்னவாகத் தெரியும்? ஷார்ட். சுவிட்சைப் போட்டால் வீடே எரியும். அவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வீட்டில் எங்கே அப்படிப் பார்த்தாலும் அவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தவர். பிளக் மாட்டியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். டெஸ்டர் வைத்திருக்கிறார். எரியவில்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கம்பியைக் கழற்றியிருக்கிறார். மறுபடியும் டெஸ்டர் வைத்திருக்கிறார். எரியவில்லை. போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைக்கலாம் என்று வந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டம்மாதான் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். நான் வரும்போது தரையில் உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வலது உள்ளங்கை கருகிவிட்டது. இரண்டு விரல் மடங்கவில்லை, இனி மடங்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. அந்தப் பெட்டி அத்தானுடையதில் பாதிகூட இல்லை. ஒரே கைக்குள்ளேயே இரண்டு முனையும் அகப்பட்டதால் பிழைத்தார் என்றார் டாக்டர்.

சட்டையை மாற்றும்போது பையிலிருந்து அந்தக் கம்பி விழுந்தது. அழகாகச் சுருட்டி வைத்திருந்தார், மறுபடி உதவும் என்று.

என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை, எத்தனை மாதத்துக்குப் பிறகோ தெரியாது: "செத்துத்தான்டா கிடந்துச்சு. நான் பார்த்தேன். ரெண்டு தடவை பார்த்தேன்." அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் சொன்னேன் அக்கா. கட்டிலில் உட்கார்ந்து, ஈரத்துணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணி சுற்றிய கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப மாப்பிள்ளையும் பார்த்துட்டுத்தான் தொட்டிருக்காரு" என்றார்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது பார்.

கையெழுத்துப் போடாதே. அப்பா வந்து நேரில் சொல்கிறேன் என்கிறார்.

தம்பி

—

மே 6

தம்பி,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் போட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வர லீவு கேட்டேன். சேர்ந்த வாரத்திலேயேவா என்றார்கள். பணம் அனுப்புகிறேன் என்று எழுத வந்தேன், அதை எழுதினால் நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரிந்து நிறுத்திவிட்டேன்.

அப்பா சொன்ன அந்த வார்த்தையைச் சமையலறையில் நின்று படித்தேன். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. அவர் கை எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் நினைக்க முடிந்தது. சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்ட கை அது, அம்மா போன பிறகு. ஒயர் முறுக்குவதுபோல் முறுக்கிவிடுவார், வலிக்கும்.

எனக்கு வேலை உன் அத்தான் இறந்த அந்தச் சோதனைக்கூடத்தில்தான். பெருக்குவது, மேஜை துடைப்பது, கேட்டால் டீ கொடுப்பது. சுவரில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். பாதுகாப்பு விதிகள். கடைசியில், "மின்தேக்கியில் தேங்கிய மின்சாரத்தை வெளியேற்ற மறந்த பணியாளர் ஒருவர் இங்கு உயிரிழந்தார். கவனக்குறைவு கொல்லும்." பெயர் போடவில்லை. பெரிய மனது. கண்ணாடிச் சட்டம் போட்ட பலகை, தூசி சேரக்கூடாதாம். நான்தான் துடைக்கிறேன்.

அப்பாவை அழைத்துக்கொண்டு இங்கே வராதே. கேட்பாய் என்று நினைக்கவில்லை, சொல்லிவைக்கிறேன்.

அக்கா

—

மே 24

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. நான் நிறுத்தினாலும் அப்பா நிற்கவில்லை. "நான் சொன்ன வார்த்தை, நான்தான் திருப்பி வாங்கணும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பொத்தானை நான் போட்டுவிட்டேன்.

நீ பார்த்ததுதானே. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ பார்க்காத மாதிரி இருந்தாய்.

இஸ்திரி எங்களை உட்காரச் சொல்லவில்லை. அப்பா துணி சுற்றிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சொன்னார், அவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை: "சார், நான் ஒயர்மேன். டெஸ்டர் வச்சுப் பார்த்தேன், ரெண்டு தடவை. பெட்டி செத்துக் கிடந்துச்சு. அப்புறம் தொட்டேன், அடிச்சிருச்சு. எங்க மாப்பிள்ளைக்கும் இதுதான் ஆகியிருக்கு. அவரு மறக்கல சார். அதை மட்டும் மாத்தி எழுதிடுங்க."

இஸ்திரி அந்தக் கையைப் பார்த்தார். வருத்தப்பட்ட மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டார். "பெரியவரே, இந்த வயசுல நீங்களும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமே" என்றார்.

அதே வார்த்தை, அக்கா. வேறு வார்த்தையே அவர்களிடம் கிடையாது. அடிபட்டவன் எவனாக இருந்தாலும் அந்த ஒரே சட்டையைத்தான் மாட்டிவிடுகிறார்கள், எல்லோருக்கும் அளவு சரியாக இருக்கிறது.

அப்போது நீ வந்தாய். நீலச் சட்டை, கையில் தட்டு, ஒரே ஒரு கப். அவர் முன்னால் வைத்தாய். அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. அப்பா வாயைத் திறந்தார், "அம்மாடி" என்று வரப்போனது என்று எனக்குத் தெரியும். நீ திரும்பிப் போய்விட்டாய்.

பஸ்ஸில் வரும்போது அவர் சொன்னது: "அவ வேலை பார்க்கிற இடம்டா. நாம போயிருக்கக் கூடாது." எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

நான் தோற்றுவிட்டேன். கல் பிளக்கிறது, எண் ஏறுகிறது, அதெல்லாம் உண்மை. உண்மையை வைத்து என்ன செய்வது? பழைய இரும்புக் கடைக்காரன் ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வருகிறான். பெட்டி எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும். நீ ஆசைப்பட்டதுதானே.

—

மே 28

தம்பி,

கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். பரவாயில்லை. கையெழுத்துப் போடுவதற்கென்று நான் ஒருத்தி இருக்கிறேனே.

உங்களை நான் பார்த்தேன். கதவைத் திறக்கும்போதே பார்த்தேன். அப்பாவின் சட்டையில் மேல் பொத்தான் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது, நீ போட்டதுதானே? இன்னொரு தடவை நிமிர்ந்திருந்தால் அந்தக் கப்பை அந்த இஸ்திரி போட்ட சட்டை மேலேயே கவிழ்த்திருப்பேன். அதனால் நிமிரவில்லை. நீங்கள் போன பிறகு அவர், "உங்க அப்பாவா? சொல்லவே இல்லையேம்மா" என்றார். "ஆமா சார், கவனக்குறைவு எங்க பரம்பரைச் சொத்து" என்று நாக்கு நுனி வரை வந்தது. "சக்கரை போதுமா சார்" என்று கேட்டேன்.

இப்போது சிட்டு விஷயம். பள்ளியில் கோடை வகுப்பு விட்டதும் சில நாள் சோதனைக்கூடத்துக்கு வந்து எனக்காகக் காத்திருப்பாள். பலகை கண்ணில் படாமல் ஏதாவது வேலை சொல்லி வெளியிலேயே நிறுத்துவேன். புதன்கிழமை நான் குப்பை கொட்டிவிட்டு வருகிறேன், அவள் அதன் முன்னால் நிற்கிறாள்.

"அம்மா, அப்பா மறந்துட்டாரா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் போட்டிருக்கு?"

"அவங்க தப்பா எழுதியிருக்காங்க."

"தப்புன்னா நீ ஏன் கையெழுத்துப் போட்டே?"

யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. குடியிருப்பில் சொல்வதற்கா ஆள் இல்லை. வாயை விற்றுத்தான் அந்த வீட்டை வைத்திருக்கிறேன், அதைப் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். நம் வீட்டுப் பிள்ளை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

நான் என்ன சொன்னாலும் இனி அவள் நம்பமாட்டாள். நம்பவும் கூடாது. கையெழுத்துப் போட்டவள் நான். நீ சொன்னால், மாமா அப்பாவுக்காகப் பேசுகிறார் என்பாள். அதனால் கடைக்காரனைத் திருப்பி அனுப்பு. பெட்டியைக் கொடுக்காதே.

சனிக்கிழமையோடு கோடை வகுப்பு முடிகிறது. மறுநாள் விடிகாலையில் அவளை பஸ் ஏற்றிவிடுகிறேன். காலையில் வந்து சேர்வாள். நான் சொல்வதைக் கவனமாகக் கேள். அவளை அந்த அறையின் வாசல்படியில் உட்காரவை, படியைத் தாண்டி ஒரு அடி வரக்கூடாது. உன் இடது கை சட்டைப்பையில் இருக்கட்டும். கொக்கி போடு, அந்தச் சத்தம் அவள் காதில் விழட்டும். மீட்டரை அவள் பக்கம் திருப்பி வை. பூஜ்யத்தை அவள் வாயால் படிக்கச் சொல். பிறகு கடைக்குப் போய் டீ வாங்கி வா. அவசரப்படாதே, அவர் போய் வந்த அவ்வளவு நேரம் எடுத்துக்கொள். அதுவரை அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு இருக்கட்டும். நீ எதையும் விளக்காதே. ஈரத்துணி, அரைப் பக்கம் எதுவும் வேண்டாம். அவளாகக் கேட்டால் சொல்.

என்னைப் பற்றிக் கேட்டால், அம்மாவுக்கும் தெரியும் என்று சொல். தெரிந்துதான் போட்டாள் என்று சொல். மறைக்காதே.

பஸ் நிற்கும் இடத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. கையில் துணியைச் சுற்றி மறைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்.

அக்கா